கஸ்தூரி அளந்த நாற்பது வீடுகள்

கஸ்தூரி எழுதிக் கொடுத்த நாற்பது படிவங்களும் பொய் என்று யாரும் அவளிடம் நேராகச் சொல்லவில்லை. ஆய்வை நடத்தும் டாக்டர் ஃபாயிஸா கணினித் திரையை அவள் பக்கம் திருப்பி வைத்தார், அவ்வளவுதான். திரையில் நீளமான ஒரு பட்டியல். மற்றவர்கள் போய்வந்த வீடுகளுக்கு நேரே எண்பது, தொண்ணூற்றைந்து, நூற்றுப்பத்து என்று சென்டிமீட்டர்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. கஸ்தூரியின் வீடுகளுக்கு நேரே பத்து, எட்டு, பூஜ்யம், பன்னிரண்டு, பூஜ்யம், பூஜ்யம்.

"இத பாத்தா உங்களுக்கு என்ன தோணுதுக்கா?"

"என்னோட வீடுங்கன்னு தோணுது, டாக்டர்."

ஃபாயிஸாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். "ஆய்வுக் கமிட்டில கேக்குறாங்க. ஒரு வீட்டுல ஜீரோ வரலாம், ரெண்டு வீட்டுல வரலாம். நாப்பது வீட்டுலயும் இவ்வளவு கொறைச்சலா எப்பிடி வரும்? யாரோ ஒரு எடத்துல உக்காந்து எழுதுன மாதிரி இருக்குன்னு..."

"யாரோன்னா நான்தானே?"

ஃபாயிஸா மேசையில் இருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி மறுபடி மூடினார். பிறகு வேலை விஷயமாகப் பேசினார். களப்பணி முடிய இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. அதற்குள் சரியான விளக்கம் இல்லையென்றால் நாற்பது வீட்டையும் ஆய்விலிருந்து எடுத்துவிடுவார்கள். எடுத்துவிட்டால், ஆய்வு முடிந்ததும் தேவைப்படுகிறவர்களுக்கு வரப்போகும் மனநல ஆலோசகரின் பட்டியலிலும் அந்த வீடுகள் இருக்காது.

"நான் திரும்பப் போறேன்" என்றாள் கஸ்தூரி.

"எத்தன வீட்டுக்கு?"

"நாப்பதுக்கும்தான். வேற எத்தன?"

ஐம்பத்தொரு வயதுக்காரி அவள். ஜோகூரில், பெக்கோக் பக்கத்துத் தோட்டக் குடியிருப்பு ஒன்றில் பிறந்து, இருபத்து மூன்று வயதில் கூலாய் நகருக்கு வந்து, ஒரே மின்னணுத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் இருந்தவள். கடைசிப் பதினோரு வருடம் தரப் பரிசோதனை. பூதக்கண்ணாடி விளக்கின் கீழே பச்சை நிற மின்சுற்றுப் பலகைகள் ஒவ்வொன்றாக வரும். ஈயம் சரியாக ஒட்டியிருக்கிறதா, எங்காவது கம்பிக் கால் தூக்கிக்கொண்டு நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முத்திரை குத்துவாள். பார்க்காமல் குத்திய முத்திரை ஒன்றுகூட இல்லை என்பது அவளுக்குத் தெரியும். மேலாளருக்கும் தெரியும். அவர் அதைச் சொல்லித்தான், தொழிற்சாலையை மூடி இயந்திரங்களை வேறு நாட்டுக்குக் கொண்டுபோன அன்று, அவள் கையில் ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கொடுத்து அனுப்பினார்.

ஒன்றரை வருடம் வீட்டில் இருந்தாள். பிறகுதான் இந்த வேலை. தமிழும் மலாயும் பேசத் தெரிந்த, படி ஏற முடிந்த ஆள் வேண்டும் என்று பல்கலைக்கழகத்தில் கேட்டிருந்தார்கள். மற்ற ஐந்து பேரும் மாணவர்கள், இருபது இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள். கஸ்தூரி மட்டும்தான் முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டு வருகிறவள். செடெனாக் போகும் சாலையில் உள்ள ஐந்து மாடி ஃப்ளாட்டில் தமிழ்க் குடும்பங்கள் அதிகம் இருந்த இரண்டு புளோக்குகளை அவளிடம் கொடுத்தார்கள்.

வேலை சொல்லிப் புரியவைக்கக்கூடியதுதான். ஒரு மனிதர் இன்னொருவரை எவ்வளவு கிட்டத்தில் வரவிடுகிறார், அதற்கும் அவருடைய மனநிலைக்கும் சம்பந்தம் உண்டா என்பது ஆய்வு. தொற்றுக் காலத்தில் கடை வாசலிலெல்லாம் ஒரு மீட்டர் இடைவெளிக்குக் கோடு போட்டிருந்தார்களே, அது போன பிறகு ஆட்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்க ஆரம்பித்ததாக ஃபாயிஸா சொல்லியிருந்தார். வீட்டுக் கூடத்தில் மூன்று மீட்டர் நாடாவைத் தரையில் விரிக்க வேண்டும். வீட்டுக்காரர் ஒரு முனையில் நிற்பார். மறுமுனையிலிருந்து கஸ்தூரி சின்னச் சின்ன அடியாக அவரை நோக்கி நடப்பாள். இதற்கு மேல் கிட்டே வந்தால் சங்கடமாக இருக்கும் என்று தோன்றும்போது அவர் 'நில்லுங்க' என்று சொல்ல வேண்டும். இருவர் கால்விரல்களுக்கும் நடுவில் உள்ள தூரத்தை எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு உட்கார்ந்து, போன வாரம் மனது எப்படி இருந்தது என்று இருபத்தொரு கேள்வி. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்றுக்குள் ஒரு எண்.

நாற்பது வீட்டிலும் அப்படித்தான் செய்தாள். முப்பத்தாறு வீட்டில் யாரும் 'நில்லுங்க' என்று சொல்லவில்லை. அவள் மூக்கு அவர்கள் மூக்கை இடிக்கும் வரை சிரித்துக்கொண்டே நின்றார்கள்.

மறுநாள் காலையில் முதலில் காளியப்பன் வீட்டுக்குப் போனாள். அறுபத்திரண்டு வயது, மனைவியை இழந்தவர், மகள் வீட்டோடு இருந்தார். முப்பது வருடம் ஒரு பாமாயில் ஆலையில் காவல் வேலை பார்த்தவர். முதல் தடவை அவள் நடந்து வந்தபோது, "நீங்க வாங்க தங்கச்சி, நான் பாக்கல" என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றவர் அவர்தான்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு நான் அவ்வளவு கிட்ட வந்தேனே, உங்களுக்கு நல்லாவா இருந்துச்சு?"

"அலமாக்! நல்லா இருக்குமா? நீங்க ஒரு பொம்பள. எனக்கு வேர்த்து ஊத்திருச்சு."

"அப்புறம் ஏன் நில்லுங்கன்னு சொல்லல? படிச்சுப் படிச்சு சொன்னேனே."

காளியப்பன் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "முப்பது வருஷம் ஜாகா வேல பாத்தேன். கேட்டுல லாரிக்காரன நில்லுன்னு சொன்னேன், மேனேஜர் காரக்கூட நில்லுன்னு சொன்னேன். அது வேல. நீங்க என் வீட்டுக்கு வந்தவங்க. வீட்டுக்கு வந்தவங்கள நடு வீட்டுல வச்சு நில்லுன்னு சொன்னா என்ன அர்த்தம்? என் மக கேட்டா சோறு போட மாட்டா."

"அந்தப் புள்ளைங்க போன வீட்டுல எல்லாம் சொல்லிருக்காங்களே?"

"சின்னப் புள்ளைங்ககிட்ட சொல்லலாம்லா. நில்லுடான்னா நிக்கும். உங்களப் போயி?"

கஸ்தூரி மேலும் ஐந்து வீடுகளுக்குப் போனாள். எல்லா இடத்திலும் அதே பதில்தான். ஒருத்தி சொன்னாள், "நீங்க பொட்டு வச்சுக்கிட்டு எங்க பெரியம்மா மாதிரி வாரீங்க, நான் நில்லுன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?" இன்னொருத்தி சொல்லத்தான் நினைத்தாளாம், வாய் வரவில்லையாம். பதிலுக்கு மைலோ கலக்கப் போய்விட்டாளாம். கஸ்தூரிக்கு அது ஞாபகம் இருந்தது. நாடாவின் நடுவில் நின்றுகொண்டு அந்த மைலோவைக் குடித்ததும் ஞாபகம் இருந்தது.

காரணம் கிடைத்துவிட்டது. காரணம் மட்டும் போதாது. பூஜ்யம் பூஜ்யமாகவே கிடந்தால் கமிட்டிக்கு அதனால் என்ன பயன்?

அன்று மத்தியானம் அவள் கணவர் திருச்செல்வம் பள்ளி வேன் ஓட்டிவிட்டுச் சாப்பிட வந்தார். அவர் தட்டின் முன்னால் உட்காரும்போதே, கூடத்தின் கோடியிலிருந்து கஸ்தூரி நாடாவோடு நடந்து வந்தாள்.

"நில்லு, நில்லு! என்னாது இது?"

இரண்டு மீட்டர். அவள் குனிந்து அளந்தாள்.

"இருபத்தேழு வருஷம் குடும்பம் நடத்திட்டு இப்ப என்னத்துக்கு அளவெடுக்குற? சாவுப் பெட்டி செய்யச் சொல்லிட்டியா?"

"உங்களுக்கு எவ்வளவு லேசா வருது பாருங்க, நில்லுன்னு. வெளியாளுக்கு வரமாட்டேங்குது."

"பசிக்குதுலா. அளந்தது போதும், சோத்தப் போடு."

போட்டாள். ஒரு கரண்டி, இரண்டு கரண்டி. மூன்றாவது கரண்டி இறங்கும்போது திருச்செல்வம் தட்டுக்கு மேலே உள்ளங்கையை விரித்தார். "போதும், போதும்." வழக்கம்போல அவள், "கொஞ்சூண்டு?" என்றாள். வழக்கம்போல அவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, "சரி, அர கரண்டி" என்றார்.

கஸ்தூரி கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"என்னா, அர கரண்டி கேட்டது குத்தமா?"

"இல்ல. கைய இன்னொரு தடவ அப்பிடிக் காட்டுங்க."

அடுத்த நாள் எட்டு மணிக்கெல்லாம் அவள் ஃபாயிஸாவின் அறை வாசலில் இருந்தாள். காளியப்பன் சொன்னது, மற்ற ஐந்து வீடு சொன்னது எல்லாவற்றையும் சொன்னாள். ஃபாயிஸா கேட்டுக்கொண்டே தலையை ஆட்டினார். ஆனால் முகம் தெளியவில்லை.

"புரியுதுக்கா. ஆனா கமிட்டில இத சொன்னா நம்புவாங்களா? மரியாதைக்காகச் சொல்லலன்னு..."

"நீங்க எந்திரிங்க."

"என்ன?"

"எந்திரிச்சு அந்த அலமாரிகிட்ட நில்லுங்க. நான் வாரேன். சங்கடமா இருந்தா நில்லுங்கன்னு சொல்லுங்க."

ஃபாயிஸா எழுந்து நின்றார். முக்காட்டின் ஓரத்தைச் சரிசெய்துகொண்டார். ஜோகூர் பாருவில் அப்பா அபூபக்கரின் சாப்பாட்டுக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய பிள்ளை அவர். வருகிறவர்களை வாங்க என்று சொல்லியே வளர்ந்தவர். கஸ்தூரி அடிமேல் அடி வைத்து வந்தாள். ஒரு மீட்டர். அரை மீட்டர். ஃபாயிஸாவின் முதுகு அலமாரிக் கதவில் பட்டு, உள்ளே ஏதோ கோப்பு சரிந்து விழுந்தது. வாய் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது.

"சொல்லுங்க டாக்டர்."

"வரலக்கா" என்றார் ஃபாயிஸா, மூச்சை விட்டபடி. "சைக்காலஜி படிச்சவ நான். எனக்கே வரல."

கஸ்தூரி பின்னால் போய் மறுபடி ஆரம்பித்தாள். "இப்ப வாயத் தொறக்க வேணாம். உங்க வீட்டுல சோறு வைக்கிறப்ப போதும்னு கையக் காட்டுவீங்கல்ல, அந்த மாதிரி காட்டுங்க."

ஒன்றேகால் மீட்டரில் ஃபாயிஸாவின் கை தானாக உயர்ந்தது. அவரே அந்தக் கையைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் வந்து உட்கார்ந்து, குறிப்பேட்டை எடுத்து, முதல் எதிர்ப்பையும் அவரே சொன்னார்.

"இதுலயும் ஒரு பிரச்சன இருக்கு. நம்ம ஆளுங்க பசி இருந்தாலும் மொதல்ல போதும்னுதான் சொல்லுவாங்க. அப்ப தூரம் ஜாஸ்தியா காட்டும்."

"அதுக்குத்தான் ரெண்டாவது தடவ கேப்போம்ல? கை காட்டுன எடத்துல ஒண்ணு எழுதிக்குறேன். அப்புறம், இன்னும் கொஞ்சம் வரட்டுமா, இல்ல பின்னால போகட்டுமான்னு கேக்குறேன். அதுக்கு வர்ற பதில எழுதிக்குறேன். ரெண்டாவதா சொல்லுறதுதான் உண்ம. எங்க வீட்டுல அப்பிடித்தான், உங்க வீட்டுலயும் அப்பிடித்தான் இருக்கும்."

ஃபாயிஸா எழுதியதைத் திரும்பப் படித்தார். பழைய அளவை மாற்ற முடியாது, அது இருக்கிறபடியே இருக்கும் என்றார். புதியதைத் துணை அளவாகச் சேர்க்க அனுமதி கேட்டு எழுதுவதாகச் சொன்னார். அனுமதி வர மூன்று நாள் ஆனது. பத்து நாளில் மிச்சம் ஐந்து.

"அஞ்சு நாள்ல நாப்பது வீடு முடியாதுக்கா. இருபது முடிச்சாக்கூட நான் பேசிப் பாக்குறேன்."

"ஒரு நாளைக்கு எட்டு" என்றாள் கஸ்தூரி. "கம்பெனில ஒரு ஷிஃப்டுக்கு அறுநூறு போர்டு பாத்தேன்."

முழங்கால் இரண்டாம் நாளே தகராறு செய்தது. நாடாவை மாலை மாதிரி கழுத்தில் போட்டுக்கொண்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்து ஏறினாள். ஷிஃப்ட் வேலைக்காரர்கள் தூங்கும் நேரம், பிள்ளைகள் பள்ளி விட்டு வரும் நேரம், யார் சந்தைக்குப் போகிற நாள் எது என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டாள். காளியப்பன் இந்த முறை கண்ணை மூடவில்லை. ஒன்றரை மீட்டரில் உள்ளங்கையைக் காட்டினார். இரண்டாவது தடவை கேட்டபோது, "ஒரு அடி வரலாம், ஆனா மக வீட்டுல இருக்குறப்ப" என்றார். ஒரு புதுப்பெண் கையே காட்டாமல் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அம்மா வீட்டைப் பார்த்து எட்டு மாதம் ஆயிற்றாம். அதற்கும் அளவு உண்டு, பூஜ்யம். இந்தப் பூஜ்யத்தை எழுதும்போது கஸ்தூரிக்குக் கை தயங்கவில்லை.

இரண்டு வீட்டில் கதவு திறக்கவில்லை. ஒரு வீட்டில், "மறுபடியுமா? வேற வேல இல்லயா உங்களுக்கு?" என்றார்கள். இல்லை என்று அவள் உண்மையைச் சொன்னாள். சிரித்துவிட்டு உள்ளே விட்டார்கள்.

ஐந்தாம் நாள் காலை முப்பத்தேழு முடிந்திருந்தது. கதவு திறக்காத இரண்டு போக, பாக்கி இருந்தது மலர் வீடு ஒன்றுதான். நான்காம் மாடி, இரண்டு அறை, ஏழு பேர். மலர், அவள் கணவன் கனகராஜ், இரண்டு பிள்ளைகள், மாமியார் வெள்ளையம்மா, கொழுந்தன், அவன் மனைவி. கனகராஜ் தினமும் மோட்டார் சைக்கிளில் எல்லை தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறவன். முதல் தடவை கஸ்தூரி வந்தபோது வெள்ளையம்மா சோபாவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மேற்பார்வை பார்த்தாள்.

"தூரமா? எங்க வீட்டுல என்னாம்மா தூரம்? ஒருத்தர் மூச்சு ஒருத்தர் மேல பட்டுக்கிட்டுத்தான் படுக்குறோம். மலர கேளு, சொல்லுவா."

கஸ்தூரி நெஞ்சோடு நெஞ்சு முட்டும் வரை வந்தாள். மலர் சிரித்தபடி நின்றாள். இருபத்தொரு கேள்விக்கும் பூஜ்யம், பூஜ்யம் என்று சொல்லிக்கொண்டே போனாள். கேள்வி முடியும் முன்பே பதில் வந்தது. கஸ்தூரி எழுதிக்கொண்டாள். எழுதிவிட்டு, அந்தப் பெண்ணின் கால்விரல்கள் தரையைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். அதை எழுத படிவத்தில் இடம் இல்லை.

இந்தத் தடவை வெள்ளிக்கிழமை காலையாகப் பார்த்து வந்தாள். வெள்ளையம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். பிள்ளைகள் பள்ளியில். கொழுந்தனும் அவன் மனைவியும் வேலையில். மலர் கம்பிக் கதவைத் திறந்து, "மறுபடியும் அளவாக்கா?" என்றாள். முப்பத்து மூன்று வயது. ஈரத் துண்டு ஒன்றைத் தோளில் போட்டிருந்தாள்.

கஸ்தூரி நாடாவை விரித்தாள். வாயால் சொல்ல வேண்டாம், சோறு வைக்கும்போது காட்டுகிற மாதிரி கையைக் காட்டினால் போதும் என்றாள். மலர் சுவரோரம் நின்றாள். கஸ்தூரி மூன்று மீட்டரிலிருந்து முதல் அடி எடுத்து வைத்தாள்.

கை உயர்ந்துவிட்டது.

கஸ்தூரி நின்றாள். "இரநூத்து எழுபது. எழுதிக்குறேன். இப்ப ரெண்டாவதா கேக்குறேன். கொஞ்சம் வரட்டுமா, பின்னால போகட்டுமா?"

மலர் வெளியே தாழ்வாரத்தைப் பார்த்தாள். "பின்னால போனா கோவிச்சுக்குவீங்களா?"

"அதுக்குத்தானேமா வந்திருக்கேன்."

ஓரடி போனாள். மலர் இன்னும் என்று கையை அசைத்தாள். நாடா முடிந்தது. கஸ்தூரியின் குதிகால் வாசற்படியில் பட்டது. மலரின் கை இன்னும் அசைந்துகொண்டுதான் இருந்தது. கஸ்தூரி படியைத் தாண்டி, செருப்புகளுக்கு நடுவில் கால் வைத்து, தாழ்வாரத்தின் கைப்பிடிச் சுவரில் முதுகு படும்வரை போனாள். அதற்குப் பிறகு நான்கு மாடி கீழேதான்.

"அங்கயே நில்லுங்க" என்றாள் மலர். அவள் தோள் இறங்கியது. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப கேளுங்கக்கா. அன்னைக்குக் கேட்டீங்களே, அந்தக் கேள்விங்க."

தாழ்வாரத்தில் நின்று சத்தமாகக் கேட்க முடியாது. இரண்டு வீடு தள்ளி யாரோ துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். கஸ்தூரி கேள்வித்தாளைத் தரையில் வைத்து உள்ளே தள்ளிவிட்டாள். மலர் எடுத்துக்கொண்டாள். பிறகு கஸ்தூரி, "ஒண்ணு" என்றாள். மலர் படித்துவிட்டு இரண்டு விரல் காட்டினாள். "ரெண்டு." மூன்று விரல். "மூணு." மூன்று விரல். கஸ்தூரி சுவரில் அட்டையை வைத்து எழுதிக்கொண்டே போனாள். துணி காயப்போட்ட பெண் கடந்து போகையில், "என்னாக்கா, வெளிய நிக்க வச்சுட்டாளா?" என்று கேட்டாள். "காத்து வாங்குறேன்மா" என்றாள் கஸ்தூரி. இருபத்தொன்றும் முடிந்தபோது மலர் தாளை மடித்தாள்.

"ஒரு மணி நேரம், யாரும் மேல படாம, ஒரு எடத்துல நிக்கணும்கா. வேற ஒண்ணும் வேணாம். குளிக்குற ரூம்லகூட கதவத் தட்டுறாங்க. அத்த நல்லவங்கதான். எல்லாரும் நல்லவங்கதான். இத சொன்னா திமிருன்னுவாங்க."

கஸ்தூரி திமிர் இல்லை என்றோ, சரியாகிவிடும் என்றோ சொல்லவில்லை. விதி என்ன என்பதைச் சொன்னாள். எண்கள் ஒரு அளவைத் தாண்டினால் அன்றைக்கே டாக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். டாக்டர் கூப்பிடுவார். மலருக்குச் சம்மதம் இருந்தால் ஆலோசகரைப் பார்க்கலாம். வீட்டில் யாரிடமும் போய்ச் சொல்லமாட்டார்கள்.

"எத்தன மணிக்கு அவுங்க கூப்பிடலாம்?"

"பத்தரைக்குள்ள" என்றாள் மலர். "அத்த வந்துருவாங்க."

கஸ்தூரி படியிறங்கும் முன் அங்கேயே நின்று ஃபாயிஸாவை அழைத்தாள். பிறகுதான், வாசற்படியிலிருந்து கைப்பிடிச் சுவர் வரை நாடாவை மறுபடி பிடித்து அளந்தாள்.

சாயங்காலம் படிவங்களை மேசைமேல் அடுக்கி வைத்தாள். ஃபாயிஸா ஏழெட்டு வீடுகளுக்குத் தொலைபேசியில் பேசி, கஸ்தூரி வந்தாளா, என்ன செய்தாள் என்று விசாரித்தார். அது நடைமுறை. கஸ்தூரி எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். காளியப்பனின் குரல் தொலைபேசியைத் தாண்டிக் கேட்டது. "மூணு தடவ வந்தாங்க டாக்டர். நாலாவது தடவயும் வரச் சொல்லுங்க, மக மீன் வாங்கியிருக்கா." முப்பத்தேழு படிவத்துக்கும் ஃபாயிஸா கையெழுத்துப் போட்டார். கடைசிப் படிவத்தில் பேனா நின்றது.

"முன்னூத்து எண்பத்தஞ்சா?"

"ஆமா."

"அக்கா, அளவே முன்னூறு வரைக்கும்தான். அதுவும் வீட்டுக்குள்ள எடுக்கணும். இது வெளிய போயிருக்கு. இப்பிடியே அனுப்புனா இந்த ஒரு படிவத்த எடுத்துருவாங்க. முன்னூறுன்னு போட்டுருவோம், எல்லாம் சரியா இருக்கும்."

"முன்னூறுல அவ கை எறங்கல, டாக்டர்."

"தெரியுது. ஆனா..."

"பத்து நாளைக்கு முன்னால நான் உக்காந்து எழுதுனேன்னு சொன்னாங்க. இப்ப முன்னூறுன்னு போட்டா, அதுதான் உக்காந்து எழுதுறது." குரலை உயர்த்தவில்லை. "முப்பத்தெட்டுல ஒண்ண எடுத்துட்டு முப்பத்தேழா அனுப்புங்க. என் பேரு சுத்தமாயிரும். எனக்கு அது போதும்னா நான் இன்னைக்கு நாலு மாடி ஏறியிருக்க மாட்டேன். அந்த வீடு உள்ள இருக்கணும், அந்த எண்ணோட இருக்கணும்."

ஃபாயிஸா படிவத்தின் கட்டத்துக்குள் முன்னூற்று எண்பத்தைந்து என்று எழுதி, ஓரத்தில் நான்கு வரி குறிப்பும் எழுதினார். எங்கே தொடங்கியது, வாசற்படி எங்கே, ஏன் அங்கே நிற்க வேண்டியிருந்தது. கையெழுத்துக்குக் கீழே தன் தொலைபேசி எண்ணையும் போட்டார். "கேக்குறவங்க என்னையே கேக்கட்டும்."

கேட்டார்கள். ஆய்வின் புள்ளிவிவரம் பார்க்கிறவர் மூன்று மின்னஞ்சல் அனுப்பினார். மூன்றாவதற்கு ஃபாயிஸா எழுதிய பதில் ஒன்றரைப் பக்கம். கடைசியில் முப்பத்தெட்டு வீடும் ஆய்வுக்குள் நின்றன. கதவு திறக்காத இரண்டும் போயின. அந்த இரண்டுக்காகக் கஸ்தூரி இன்னொரு நாள் போய்வந்தாள். அப்போதும் திறக்கவில்லை.

ஆலோசகர் வாசுகி வெள்ளிக்கிழமைதோறும் காலையில் வருவதாக ஏற்பாடாயிற்று. ஃப்ளாட்டுக்குப் பக்கத்தில் உள்ள பாலாய் ராயா என்னும் சமூகக் கூடத்தில், அலுவலகத்தை ஒட்டிய சின்ன அறையை ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். முதல் நாள் கஸ்தூரி முன்னதாகவே போய்ப் பார்த்தாள். ஒரு மேசை, எதிரெதிரே இரண்டு நாற்காலி, மடக்கி வைத்த மேளத் தாங்கிகள், ஒரு காகிதப் பூங்கொத்து. நாற்காலிகளில் இருவர் உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும்.

"இந்த ரூம் வேணாம்மா" என்றாள்.

வாசுகி புதியவள், இருபத்தெட்டு வயது இருக்கும். "தனியா பேசணும்லக்கா. கதவு இருக்கு, நல்லாதானே இருக்கு?"

"ஹால்ல போடலாம். வெளிக் கதவ நான் சாத்திக்கிட்டுப் படில உக்காந்துக்குறேன், யாரும் வரமாட்டாங்க. பெரிய ஃபேன போட்டுட்டா அந்தச் சத்தத்துல பேச்சு வெளிய கேக்காது."

"பேட்மிண்டன் கோர்ட்டு மாதிரி இருக்கே. அவ்வளவு பெரிய எடத்துல ரெண்டு பேரு உக்காந்தா ஒரு மாதிரி இருக்காதா?"

"உங்களுக்கு இருக்கும்" என்றாள் கஸ்தூரி. ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். வாசுகி இன்னொன்றை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

ஒன்பதரைக்கு மலர் வந்தாள். சந்தைக்கூடை கையில் இருந்தது. வாசலில் நின்று அந்த நீண்ட கூடத்தையும், நடுவில் கிடந்த இரண்டு நாற்காலிகளையும் பார்த்தாள். போய் ஒரு நாற்காலியைப் பிடித்து, தரையில் இழுத்துக்கொண்டே போனாள். இழுக்கும் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. வாசுகி எழுந்து உதவப் போனாள். கஸ்தூரி அவள் முழங்கையைத் தொட்டு உட்கார வைத்தாள்.

மேடைக்குப் பக்கத்துச் சன்னலோரம் போனதும் மலர் நின்று, திரும்பி, எவ்வளவு வந்திருக்கிறோம் என்று பார்த்தாள். நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். கூடையைக் காலடியில் வைத்தாள்.

கஸ்தூரி விசிறியைப் போட்டுவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள். படியில் உட்கார்ந்து முழங்காலை நீட்டிக்கொண்டாள். கோயில் பக்கமிருந்து வெள்ளையம்மா அன்று சீக்கிரமே பிரசாதத் தூக்குடன் வந்துகொண்டிருந்தாள்.

"என்னாம்மா, இங்க உக்காந்திருக்க? உள்ள என்னா?"

"மீட்டிங்கு நடக்குது. வாங்க, இப்பிடி உக்காருங்க" என்று கஸ்தூரி படியில் நகர்ந்து இடம் விட்டாள். "எனக்குக் கொஞ்சம் பொங்கல் குடுங்க. காலையில ஒண்ணும் சாப்பிடல."

வெள்ளையம்மா உட்கார்ந்து தூக்கைத் திறந்தாள். மணி ஒன்பது நாற்பது. பத்தரைக்கு மலருக்கு இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது. கஸ்தூரி நிதானமாகச் சாப்பிட்டாள். தூக்கில் இருந்தது தீருகிற வரை போதும் என்று கையைக் காட்டவே இல்லை.